முதலிடத்துப் பாட்டு சிரிக்குதா, அழுவுதா?

ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அது சந்தோஷப் பாட்டா சோகப் பாட்டா என்று சொல்ல வேண்டும். சரளாவுக்கு அதற்குத்தான் சம்பளம். குடியாத்தத்தில் இருக்கும் அவளுடைய அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லு போதும். இதையெல்லாம் வெளிய சொல்லிக்கினு இருக்காதே" என்றார். தொம்மலூரில் பக்கத்து வீட்டு ஸ்வர்ணா நம்பினாள். நம்பிவிட்டு, "நாங்க சும்னே கேக்குறோம், உனக்குக் காசு குடுத்துக் கேக்க வெக்கிறாங்களா?" என்று மோவாயில் கை வைத்துக்கொண்டாள். சும்னே என்றால் சும்மா. கன்னடச் சொல்தான், ஆனால் தொம்மலூர்த் தமிழில் அது கலந்து ரொம்ப நாளாகிறது. கல்யாணமாகி வந்த புதிதில் சரளாவுக்கு அதுவே திகைப்பாக இருந்தது. இப்போது அவளும் சும்னேதான் சொல்கிறாள். ஆனாலும் சொல்லி முடித்தவுடன் சரியாகச் சொன்னோமா என்று எதிராளியின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கியது. எட்டாவது வரைக்கும் குடியாத்தத்தில் தமிழ் மீடியம். பிறகு அப்பாவுக்கு வேலை மாறி, கோலார் தங்கவயலில் சித்தப்பா வீட்டில் தங்கி இங்கிலீஷ் மீடியம். எல்லாம் தெரிந்த பெண் ஒரே கோடை விடுமுறையில் ஒன்றும் தெரியாத பெண் ஆகிவிட்டாள். வகுப்பில் அவள் ஒரு பதில் சொல்வாள். டீச்சர் சரி என்றும் சொல்லமாட்டார், தப்பு என்றும் சொல்லமாட்டார். அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்பார். உடனே சரளாவுக்குப் புரிந்துவிடும், முதலில் சொன்னது தப்பு. வேறு ஒன்றைச் சொல்வாள். மறுபடியும் கேட்டால் இன்னொன்று. இங்கிலீஷ் இலக்கணத்தைவிட இந்தப் பாடம்தான் அவளுக்கு நன்றாகப் பதிந்தது.

பெங்களூரில் அவள் ரொம்ப வருஷம் ஒரு கம்பெனியில் டாக்டர்கள் பேசி அனுப்புகிற ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வேலையை மெஷினே செய்ய ஆரம்பித்தது. அவளை அழைத்து நன்றி சொல்லி, ஒரு காபி கப்பைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சில மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கணவன் ரவிக்குமார் லிஃப்ட் மெக்கானிக், காலையிலேயே கிளம்பிவிடுவான். மகள் ரூபினி காலேஜுக்குப் போய்விடுவாள். பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மத்தியானத்தைத் தள்ளுவது மறுபடியும் வரக்கூடாது. அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

அப்போதுதான் தொம்மலூரிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இந்த வேலை கிடைத்தது. ஆபீஸ் இங்கே, வேலை லண்டனில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு. துணிக்கடை, ஜிம், பல் டாக்டர் காத்திருக்கும் அறை என்று எல்லா இடத்துக்கும் என்ன பாட்டு போடலாம் என்று சொல்வது அவர்கள் தொழில். போன வருஷம் பிரிட்டனில் எந்தெந்தப் பாட்டு, எந்தெந்த ஆல்பம் வாரா வாரம் முதலிடத்தில் இருந்ததோ அத்தனைக்கும் ஒரு முகம் எழுதி வாங்க அவர்கள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். முகம் என்பது சரளாவின் சொல். ஆபீஸில் மூட் என்பார்கள். திரையில் ஒரு பெட்டியைத் தட்டினால் வரிசையாக இறங்கும்: ஹாப்பி, சாட், ரொமாண்டிக், ஆங்ரி, காம், கடைசியாக மிக்ஸ்ட். மிக்ஸ்ட் போட்டால் ஏன் என்று ஒரு வரி இங்கிலீஷில் எழுத வேண்டும். அதனால் சரளா அந்தப் பக்கமே போகமாட்டாள்.

ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். ஒருவர் என்ன போட்டார் என்று இன்னொருவருக்குத் தெரியாது, பேசிக்கொள்ளவும் கூடாது. போட்டு அனுப்பிவிட்டால் அந்த வரி திரையிலிருந்து மறைந்துவிடும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டர் பார்த்து மதிப்பெண் போடும். சரளாவுக்கு ஜோடி லாயிட். லிங்கராஜபுரத்துப் பையன், சர்ச் கொயரில் அடித்தொண்டையில் பாடுகிறவன், லவினா என்ற பெண்ணோடு நிச்சயதார்த்தம் ஆகப்போகிறது. அவன் அம்மா பிரிஜெட் கட்டிக் கொடுக்கும் பெப்பர் ஃப்ரையும் சரளாவின் கீரைக் கடைசலும் தினமும் மத்தியானம் டப்பா மாறும்.

இந்தப் பிரிட்டன் பட்டியல் சரளாவுக்கு முதல் நாளிலிருந்தே பிடிபடவில்லை. தனிப்பாட்டு ஒன்று முதலிடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவர் மாதிரி வாரக்கணக்கில் அங்கேயே. ஆல்பம் அதற்கு நேர் எதிர். வந்த வாரம் தெருவே அதிரும், அடுத்த வாரம் ஆளைக் காணோம். அதிலும் ஓர் ஆல்பத்தில் இருக்கிற அத்தனை பாட்டுக்கும் சேர்த்து ஒரே முகம்தான் போட வேண்டும். ஒரு குடும்பத்துக்கே சேர்த்து ஒரே செருப்பு வாங்கச் சொன்னால் எப்படி? டிசம்பர் வாரங்களுக்கு வந்தபோது இன்னும் மோசம். பழங்காலத்துக் கிறிஸ்துமஸ் பாட்டுகள், அவள் பிறப்பதற்கு முன்னாடி வந்திருக்கும் போல, போன வருஷப் பட்டியலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன.

"இது போன வருஷப் பாட்டே இல்லடா" என்றாள் லாயிட்டிடம். முகத்தைப் பற்றிப் பேசக்கூடாதே தவிர, வயசைப் பற்றிப் பேசலாம்.

"எங்க வீட்ல ஸ்டார் கட்டுற மாதிரிக்கா. அதே பழைய ஸ்டாருதான், வருஷா வருஷம் பரண்லேர்ந்து எடுத்து மாட்டுவோம். அவங்க பாட்டை எடுத்து மாட்டுறாங்க."

"மாட்டுங்க, யாரு வேணாம்னாங்க? முதலிடம்னு ஏன் சொல்றீங்க?"

"அதை லண்டன்லதான் கேக்கணும்."

லாயிட்டுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது என்று சரளா முடிவு செய்தாள். சின்ன வயதிலிருந்து இங்கிலீஷ் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன், ராகம் தெரிந்தவன். அவளுக்கோ பாதி வார்த்தை காதில் ஏறுவதில்லை. அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டு ஓடும்போது, இதற்கு லாயிட் என்ன போடுவான் என்று யோசிப்பாள். மெதுவாக வந்தால், பையன் காதலில் இருக்கிறான், ரொமாண்டிக் போடுவான். அதையே போடுவாள். பேசவில்லை, பார்க்கவில்லை, விதியை மீறவில்லை. மதிப்பெண் நன்றாகவே வந்தது.

அந்த ஒரு பாட்டுதான் அவளை வதைத்தது. ஒரு பெண் பாடுவது. ரயில் நிலையத்தில் யாரையோ அனுப்பிவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள், மீன் வாங்குகிறாள், சாவியைத் தேடுகிறாள், நடு நடுவே நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறாள். பின்னால் மேளம் குதிரை மாதிரி ஓடுகிறது. முதல் தடவை சரளா மேளத்தைப் பார்த்து ஹாப்பி போட்டாள். சில நாள் கழித்து அதே பாட்டு மறுபடி வந்தது. மறுபடி கேட்கிறார்கள் என்றால் ஹாப்பி இல்லை. சாட் போட்டாள். பிறகு இன்னொரு தரம் வந்தது. சாட்டும் இல்லையா? பெட்டியில் அதற்குக் கீழே இருப்பது ரொமாண்டிக். அடுத்த தரம் ஆங்ரி. அதற்கும் அடுத்த தரம் கண்ணை மூடிக்கொண்டு காம். மீன் வாங்குகிறவள் அமைதியாகத்தானே இருக்க வேண்டும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பட்டியல் முடியப்போகிற சமயத்தில் மமதா கூப்பிட்டாள். மமதா அவர்களுக்கு மேலே இருப்பவள், பசவனகுடிக்காரி. வீட்டில் கன்னடம், அந்தப் பழக்கத்தில் யார் பெயரோடும் 'அவரே' என்று மரியாதை சேர்ப்பாள். தமிழ் முழுக்க டிவி சீரியல் பார்த்துக் கற்றது. அதனால் சாதாரண விஷயத்தைப் பேசினாலும் அவள் பேச்சில் யாரோ விஷம் வைத்துவிட்ட தொனி இருக்கும்.

"உட்காருங்க சரளா அவரே. என்கிட்ட எதையும் மறைக்காதீங்க. எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்."

சரளா உட்கார்ந்தாள். என்ன உண்மை என்று தெரியவில்லை.

மமதா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "இந்தப் பாட்டு. ரயில்வே ஸ்டேஷன் பாட்டு. எத்தனை தடவை வந்ததோ அத்தனை தடவையும் வேற வேற போட்டிருக்கீங்க. அது கூட போகட்டும், மனுஷ மனசு. ஆனா இதைப் பாருங்க. லாயிட். ஹாப்பி, சாட், ரொமாண்டிக், ஆங்ரி, காம். நீங்க என்ன வரிசையோ அதே வரிசை. ஒண்ணு கூட மாறல."

சரளா பார்த்தாள். தன் முகத்தையே இன்னொருவர் சட்டையில் பார்த்த மாதிரி இருந்தது.

"லண்டன்லேர்ந்து கேக்கறாங்க. காப்பி அடிக்கிறாங்களான்னு."

"சத்தியமா இல்ல மேடம். இதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல."

"அப்போ எதுக்கு மாத்தி மாத்திப் போட்டீங்க?"

"நீங்கதானே மறுபடி மறுபடி கேட்டீங்க? முதல்ல சொன்னது சரின்னா எதுக்கு மறுபடி கேப்பீங்க?"

மமதா லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "இதையேதான் லாயிட்டும் சொன்னார். டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி இதே நாற்காலில உட்கார்ந்து. இதே வார்த்தை."

"பாத்தீங்களா மேடம், அப்போ நிஜம்தான்."

"பேசி வெச்சுக்கிட்டாலும் இப்படித்தான் ஒரே மாதிரி வரும், சரளா அவரே."

உண்மையைச் சொல்லி, அது இன்னொருவர் சொன்ன உண்மையோடு ஒத்துப்போனால் பொய்யாகிவிடுமா?

மமதா கொஞ்சம் இறங்கி வந்தாள். "அந்தப் பாட்டு நிறைய வாரம் நம்பர் ஒன்ல இருந்தது. அதனால பட்டியல்ல நிறைய தடவை இருக்கு. அதைக் கலைச்சுப் போட்டு அனுப்பறாங்க. நீங்க ஒரே பதில் சொல்றீங்களான்னு பார்க்க. அவ்வளவுதான்."

"பொய் சொல்றவங்களைத்தானே மேடம் அப்படிக் கேப்பாங்க?"

"ஐயோ, இது போலீஸ் ஸ்டேஷன் இல்ல." மமதா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நாளைக்கு ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல உட்கார வெக்கிறேன். அந்த ஒரு பாட்டு. கடைசியா ஒரு தடவை. போனெல்லாம் என்கிட்ட குடுத்துடுங்க. அதை லண்டனுக்கு அனுப்புவேன். இந்த வருஷப் பட்டியல் உங்க ரெண்டு பேருக்கா, இல்ல மெஷினுக்கான்னு அவங்க சொல்லுவாங்க. இன்னிக்கு லாயிட்கிட்ட பேசாதீங்க. இது ஆர்டர் இல்ல. நான் கெஞ்சிக் கேக்கறேன்னு வெச்சுக்கோங்க."

மெஷின் என்ற சொல் காதில் விழுந்ததும் சரளாவுக்கு வீட்டு ஃபிரிட்ஜின் உறுமல் கேட்டது.

அன்று சாயங்காலம் அவள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கணக்கு போட்டுப் பார்த்தாள். வரிசைப்படி பெட்டியில் பாக்கி இருப்பது மிக்ஸ்ட் மட்டும். அதை அவளும் போட்டு லாயிட்டும் போட்டுவிட்டால், பேசி வைத்துக்கொண்டார்கள் என்று ஆகிவிடும். ஆளுக்கு ஒன்று போட்டால், ஒரு பாட்டைக் கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்கள் என்று ஆகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பது சரிதான், ஆனால் மத்தளம் இப்படி எந்தப் பக்கத்து அடி பரவாயில்லை என்று யோசித்திருக்குமா?

ரவிக்குமார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைவாய்ப் பல்லில் கிராம்பை அடக்கிவைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டான்.

"டாக்டர்கிட்ட போங்களேன்."

"நாளைக்கு" என்றான், தினமும் சொல்கிற மாதிரி.

ரூபினி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரளா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஒரு பாட்டு சந்தோஷமா சோகமான்னு நீ எப்படிடி கண்டுபிடிப்பே?"

"யாரும்மா அதெல்லாம் பாக்குறாங்க? பாட்டுக்கு மூட்லாம் கிடையாது. வைப்தான்."

"அது என்னாது?"

"அதைச் சொல்ல முடியாது. இருந்தா தெரியும்."

"எங்க பெட்டியில அது இல்லியே."

"அப்போ பெட்டி தப்பு."

"பெட்டியைத் தப்புன்னு சொல்லிட்டு நான் எங்க போறது?" என்றாள் சரளா. ரூபினி சிரித்தாள். ரவிக்குமாரும் சிரிக்கப் பார்த்து, பல்லைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். கண்ணாடிக் கதவு. கொஞ்ச தூரத்தில் இன்னொரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் லாயிட்டின் முதுகு தெரிந்தது. சட்டைக் காலர் மடிந்து உள்ளே போயிருந்தது. வேறு நாளாயிருந்தால் போய் எடுத்துவிட்டிருப்பாள். முதுகைப் பார்த்து அவன் என்ன போடுவான் என்று யோசித்துப் பார்த்தாள். முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

பாட்டு ஓடியது. மேளம் ஓடியது. ரயில், மீன், சாவி. இத்தனை தடவை கேட்ட பாட்டில் அந்தப் பெண் சாவியைக் கண்டுபிடித்தாளா இல்லையா என்று தனக்குத் தெரியாது என்பது சரளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடி போட்டாள். கண்டுபிடிக்கவில்லை. கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான். நான் நன்றாக இருக்கிறேன் என்கிறாள். கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதையே சொல்கிறாள். அவளை யாராவது கேட்டார்களா? சரளா மூன்றாவது தரம் போட்டுக் கேட்டாள். பாட்டு முழுக்க ஒருத்தரும் எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேட்கவே இல்லை. மீன்காரன்கூட நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறான்.

வேலை போன மாதத்தில் குடியாத்தத்திலிருந்து அண்ணன் போன் பண்ணியது ஞாபகம் வந்தது. "என்னா, எப்பவும் போலத்தானே?" என்று ஆரம்பிப்பதற்குள்ளேயே, "நல்லாத்தான் இருக்கேன்ணா, ஒண்ணும் இல்ல" என்று அவள் சொன்னது. அப்போது ரேடியோவில் ஏதோ குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுவிட்டு அண்ணன், "என்னா வீட்ல ஒரே குஷி போல" என்றார்.

அவள் பெட்டியைத் தட்டினாள். வரிசை இறங்கியது. ஒவ்வொன்றின் மேலும் போய் நின்று பார்த்தாள். பொய் சொல்லலாம், சாட் என்று போட்டுவிட்டுப் போகலாம், லாயிட்டிலிருந்து மாறுபட்டுத் தப்பிக்கலாம். ஆனால் சாட் என்றால் அந்த மேளத்தை என்ன செய்வது? மேளத்தின் வாயை யார் மூடுவது? மிக்ஸ்டைத் தட்டினாள். கீழே காலியாக ஒரு கட்டம் திறந்தது.

அவள் பயந்தது அந்தக் கட்டத்துக்குத்தான். ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இங்கிலீஷில் எழுதினாள்: இந்தப் பெண் நான் நன்றாக இருக்கிறேன் என்கிறாள், ஆனால் இவளை யாரும் கேட்கவில்லை. எழுதிவிட்டு ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தாள். அனுப்பினாள். வரி மறைந்துவிட்டது.

மாடிப்படியில் லாயிட் நின்றுகொண்டிருந்தான்.

"இனிமே பேசலாம்க்கா. அனுப்பியாச்சு."

"பேசலாமா? கேட்டுக்கினியா?"

"கேட்டேன். பேசலாமாம்."

அவள் முதலில் அவன் காலரை எடுத்துவிட்டாள். "என்னா போட்டே?"

"மிக்ஸ்ட்."

சரளா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நானும் அதான்டா. போச்சு."

"நான் என்ன பண்றதுக்கா? பேஸ் கிட்டார்காரன் ஒரு பக்கம் சாவு வீட்ல வாசிக்கிறான், டிரம்ஸ்காரன் இன்னொரு பக்கம் கல்யாண வீட்ல வாசிக்கிறான். அதைத்தான் எழுதினேன். வார்த்தையை நான் கேக்கவே இல்ல." லாயிட் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஒண்ணு சொல்லட்டா? திட்டாதீங்க. மத்த பாட்டுக்கெல்லாம் நீங்க என்ன போடுவீங்கன்னு யோசிச்சுத்தான் போட்டேன். எனக்கு மூடெல்லாம் தெரியாது. எங்கம்மா சொல்லுவாங்க, உனக்கு நெஞ்சுல கல்லுடான்னு. நீங்க குடும்பஸ்தி, வாழ்க்கையைப் பாத்தவங்க, உங்களுக்குத் தெரியும்னு."

"டேய். நான் உன்னை நினைச்சுக்கினுல்ல போட்டேன். உனக்கு இங்கிலீஷ் தெரியும்னு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் லாயிட்தான் சிரித்தான். சிரித்தால் எதிரொலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"அப்போ இத்தனை நாளா பாட்டை யாருடா கேட்டது?"

"ஹெட்போன் கேட்டுச்சுக்கா."

சரளாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஏதோ ஆடியது. லண்டனில் எங்கேயோ ஒரு துணிக்கடையில், இவன் என்ன நினைப்பான் என்று அவளும், அவள் என்ன நினைப்பாள் என்று இவனும் நினைத்த ஒரு நினைப்பு, யாருடைய முகமும் இல்லாமல் பாடிக்கொண்டிருக்குமே. அதைக் கேட்டுக்கொண்டு யாரோ சட்டை போட்டுப் பார்ப்பார்களே.

லண்டனிலிருந்து பதில் வருவதற்குள் ரவிக்குமாரின் கன்னம் வீங்கிவிட்டது. சனிக்கிழமை அவள் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள். காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சத்தமில்லாமல் ஓடும் கன்னடச் செய்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய பல். பாட்டு ஒன்றும் இல்லை. உள்ளே துளைக்கிற மெஷின் மட்டும் விட்டு விட்டுப் பாடியது.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. மமதா. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைப் போட்டு அனுப்பியிருந்தாள். சீரியல் தொனி அதிலும் இருந்தது.

"கண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள் சரளா அவரே. ரெண்டு பேரும் மிக்ஸ்ட் போட்டிருந்தாலும் எழுதின காரணம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. இதைக் காப்பி அடிச்சிருக்க முடியாதுன்னு லண்டன்ல ஒத்துக்கிட்டாங்க. இந்த வருஷப் பட்டியலும் உங்களுக்கும் லாயிட்டுக்கும்தான். திங்கக்கிழமை ஆரம்பம்."

சரளா அதைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். ரவிக்குமார் ஒரு கண்ணால் என்ன என்று கேட்டான். "வேலை இருக்குதாம்" என்றாள். அவன் அவள் முழங்காலில் ஒரு தட்டு தட்டினான்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"ஒரு விஷயம். மிக்ஸ்ட் வெச்சுக்கிட்டு அவங்களால ஒண்ணும் பண்ண முடியாதாம். பல் டாக்டர் கிளினிக்குக்கு ஒரு மூட்தான் வேணும். அதனால அந்தப் பாட்டுக்கு ஹாப்பின்னு முடிவு பண்ணிட்டாங்க."

ஹாப்பி. அவள் முதன்முதலில் போட்டது. அப்போதே சரியாகத்தான் சொல்லியிருக்கிறாளா? அல்லது அப்போது அவள் தப்பாகச் சொன்னதையே இப்போது அவர்களும் சொல்கிறார்களா? அவள் காரணம் எழுதினாளே, அதைப் படித்துவிட்டுத்தானே வேலை கொடுத்தார்கள். படித்துவிட்டு எப்படி ஹாப்பி என்று போட்டார்கள்?

அவளுக்கு ஒன்று தோன்றியது. பையில் ரூபினியின் இயர்போன் கிடந்தது. அதை எடுத்து ரவிக்குமாரின் வீங்காத பக்கத்துக் காதில் செருகி, அந்தப் பாட்டைப் போட்டாள். பல் டாக்டர் அறையில், பல்வலிக்காரனின் காதில். லண்டன்காரர்கள் சொல்லும் இடமும் இதுதானே?

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு கேட்டான். மேளம் வந்திருக்க வேண்டும், செருப்புக் கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. தட்டிக்கொண்டே இருந்தபோது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி வீங்கின கன்னத்தில் வழிந்தது.

"எப்படி இருக்குது?" என்றாள் ஆவலாக.

"நல்லா இருக்குது."

"சந்தோஷமா இருக்குதா, சோகமா இருக்குதா?"

"பல்லு வலிக்குது. என்னைப் போயி கேக்கிறியே."

"அழுவுறீங்களே."

"பல்லு."

"காலு ஆடுது?"

"அது பாட்டு."

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். இயர்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் எழுந்து போனான். கதவு மூடுகிற வரைக்கும் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

மமதாவின் அடுத்த செய்தி வந்திருந்தது. "இந்த வருஷம் ஜனவரியிலயும் அந்தப் பாட்டுதான் நம்பர் ஒன். அதனால மறுபடி வரும். எத்தனை தடவை வந்தாலும் ஹாப்பிதான் போடணும். மறுபடி கேட்டா முதல்ல சொன்னது தப்புன்னு அர்த்தம் இல்லை. புரிஞ்சுதா?"

சரளா இரண்டு தரம் படித்தாள். நியாயமாகத்தான் இருந்தது. "புரிஞ்சுது மேடம்" என்று அடித்து அனுப்பினாள்.

உள்ளே மெஷின் பாட ஆரம்பித்தது. அவள் போனைப் பைக்குள் வைக்கப்போனாள். அது கையிலேயே அதிர்ந்தது.

"புரிஞ்சுதா?"

திரையைப் பார்த்தாள். அவளுடைய பதில் அங்கே மேலேதான் இருந்தது. போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், அல்லது மமதா கவனிக்காமல் இருந்திருக்கலாம். சரளா விரலை வைத்து "புரி" என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். பிறகு அதை அழித்துவிட்டு, "புரியல மேடம்" என்று அனுப்பினாள்.